தலைவர் இல்லாமல் கூடிய கூட்டத்தை யார் முடித்து வைப்பது?

மணற்பரப்பு (இழையைத் தொடங்கியவர்):

2017 ஜனவரி மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு பெருமிதம். எனக்கும் உண்டு. ஆனால் எப்போது பேசினாலும் முதல் சில நாட்களைப் பற்றியே பேசுகிறோம். கடைசி இரண்டு நாட்கள் வரும்போது பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அந்த இரண்டு நாட்களுக்காகத்தான் இந்த இழை.

அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 பொங்கலுக்கும் வாடிவாசல் திறக்கவில்லை. ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் உட்கார்ந்தவர்களை மறுநாள் காலை போலீஸ் கைது செய்தது. செய்தி வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பரவியது. 17-ஆம் தேதியே மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சிலர் கூடினார்கள்; மாலைக்குள் அது ஆயிரக்கணக்கில் ஆனது. அன்றிரவு விளக்குகள் அணைந்தபோது எல்லோரும் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

யாரும் கட்டளையிடாமல் அங்கே நடந்தவற்றை யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கைமாறியது. குப்பையைச் சாக்கில் வாரினார்கள். ஆம்புலன்ஸுக்கு வழி திறந்தது. காமராஜர் சாலையில் பையன்களே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். கட்சிக்கொடியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: பக்கத்தில் நிற்கும் பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் போதும், வேலை முடிந்துவிடும். கடற்கரையின் மறுகோடியில் இருப்பவனிடம் கேட்கவே வேண்டாம்.

"போதும், எழுந்திருப்போம்" என்பது அப்படிப்பட்ட முடிவு இல்லை. அதற்கு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நம்பும் ஒரு குரல் வேண்டும். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அதுவரை ஜல்லிக்கட்டுக்காகப் பேசிவந்த தெரிந்த முகங்கள் சிலர் 22 அன்று "வென்றுவிட்டோம், கலைவோம்" என்றார்கள். மணலில் இருந்தவர்கள் "நிரந்தரச் சட்டம் எங்கே? எங்கள் சார்பில் பேச நீங்கள் யார்?" என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டு தரப்பையும் நான் குறை சொல்லமாட்டேன். இப்படி ஒரு நேரத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டி யாரும் பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

23 விடியலில் போலீஸ் கலைக்கத் தொடங்கியது. அதே நாள் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் கடற்கரைக்கு வந்து, இதன் சட்ட நிலை என்ன என்று எடுத்துச் சொன்ன பிறகு பலர் எழுந்து போனார்கள். அதற்குள் நகரத்தில் தடியடி, ஐஸ்ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பம் மீன் சந்தை சாம்பல். ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது குப்பத்து மக்கள். அடி வாங்கியதும் அவர்கள்தான்.

அந்த நீதிபதியைப் போல ஒருவர் 21-ஆம் தேதி மாலையே வந்து பேசியிருந்தால்? கேள்வி இதுதான்: தலைமை இல்லாத கூட்டம் தன் முடிவைத் தானே எப்படி எடுப்பது?

---

பாலமேட்டுக்காரன்:

நல்ல கேள்வி. ஆனால் அலங்காநல்லூரை முன்கதை ஆக்கிவிட்டு மெரினாவுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

22 அன்று ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைக்க அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மதுரை வந்திருந்தார். அலங்காநல்லூரில் மாடு அவிழ்க்கவில்லை. ஊர் மறித்து உட்கார்ந்தது. அவர் திரும்பிப் போனார். ஒரு முதலமைச்சரைத் திருப்பி அனுப்பும் முடிவைக் கூட்டம் எப்படி எடுத்தது? இங்கே விழாக்குழு என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறது. எந்தக் கோயில் மாடு முதலில் வரும், எந்தத் தெருவுக்கு என்ன மரியாதை, காயம்பட்டவனை யார் தூக்குவது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தாலும் கடைசி வார்த்தை ஊருடையது.

சட்டம் வந்த பிறகும் அப்படித்தான். பிப்ரவரி 5 அவனியாபுரம், 9 பாலமேடு, 10 அலங்காநல்லூர் என்று நடந்தது. தேதி வைக்க ஆள் இருந்தது, தேதியை மதிக்க ஊரும் இருந்தது. மெரினாவில் அந்த "ஊர்" இல்லை.

---

தென்கோடி:

விழாக்குழுவில் எல்லாச் சாதிக்கும் இடம் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. "ஊர்" என்ற சொல்லுக்குள் சேரி வந்ததா, இல்லையா என்பது மதுரைப் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

---

பாலமேட்டுக்காரன்:

மறைக்க ஒன்றும் இல்லை தம்பி. அந்தக் கேள்வியை வைத்து இங்கே வழக்கே நடந்திருக்கிறது. அமைப்பு இருந்தால் முடிவெடுக்க வழி இருக்கும் என்றுதான் சொன்னேன். அந்த அமைப்பு நியாயமானது என்று சொல்லவில்லை.

---

துறைமுகத் தமிழன்:

வேலை நிமித்தம் ஹாங்காங்கில் பல வருடம் இருந்தவன். 2019-இல் அங்கே நடந்த போராட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மணற்பரப்பு கேட்ட அதே கேள்வியில் அவர்கள் தெரிந்தே வேறு பாதை எடுத்தார்கள்.

2014-இல் சுதந்திரமான தேர்தல் கேட்டு நடந்த குடை இயக்கத்தில் 79 நாள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நகர மையத்தில் அட்மிரால்டி என்ற பகுதியில் ஒரு பெரிய மேடை இருந்தது, தெரிந்த தலைவர்கள் இருந்தார்கள். அந்த மேடையில் யார் பேசுவது என்பதே சண்டையானது. கேட்டது எதுவும் கிடைக்காமல் முடிந்தது, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 2019-இல், குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவுக்கு அனுப்ப வழிவிடும் நாடு கடத்தல் மசோதாவை எதிர்த்து எழுந்தபோது "மேடை வேண்டாம்" என்பதுதான் முதல் பாடம். ஓரிடத்தில் உட்காராதே, தண்ணீரைப் போல் ஓடு என்றார்கள். டெலிகிராமில் வாக்கெடுப்பு நடக்கும்: இந்தத் தெருவில் இருப்பதா, நகர்வதா? சில நிமிடங்களில் முடிவு தெரியும்.

நேரில் பார்த்து அசந்தது கைச்சைகையைத்தான். முன்வரிசையில் ஹெல்மெட் தேவை என்றால் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூரை போலக் குவிப்பார். பின்னால் நிற்பவர் அதையே செய்வார், அவருக்குப் பின்னால் இருப்பவரும். அந்தச் சைகை தெரு முழுக்கப் பின்னோக்கிப் போகும். கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டுகள் கைமாறி முன்னோக்கி வரும். குடைக்கு ஒரு சைகை, கத்தரிக்கோலுக்கு ஒன்று. ஒலிபெருக்கி கிடையாது, பொறுப்பாளர் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்துச் செய், அவ்வளவே.

சரி, முடிப்பது? ஐந்து கோரிக்கை, ஒன்று குறைந்தாலும் ஒப்பமாட்டோம் என்றார்கள். செப்டம்பர் 4 அன்று ஹாங்காங் அரசின் தலைவர் கேரி லாம் மசோதாவை முழுதாக விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். முதல் கோரிக்கை நிறைவேறியது. "இதை ஏற்று, மற்ற நான்குக்கும் வேறு வழி பார்ப்போம்" என்று சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இல்லை. போராட்டம் தொடர்ந்தது. நவம்பர் 24 மாவட்டக் கவுன்சில் தேர்தலில் 18-இல் 17 கவுன்சில்களை ஜனநாயகத் தரப்பு பிடித்தது. அதுவும் போதவில்லை. பிறகு கொரோனா வந்தது, 2020 ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

அதனால் "எது கிடைத்தால் எழுந்திருப்போம் என்று முதல் நாளே எழுதி வை" என்ற யோசனை இங்கே வருவதற்கு முன்பே சொல்கிறேன். ஹாங்காங்கில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எழுதியதைக் குறைக்க யாராலும் முடியவில்லை.

---

மணற்பரப்பு:

அந்த யோசனையைத்தான் அடுத்துச் சொல்லவிருந்தேன். யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

---

வரலாற்று வாசகன்:

ஒரு சிறு சேர்க்கை. 2019 ஜூன் மாதத்தின் மாபெரும் பேரணிகளை அழைத்தது மனித உரிமைகளுக்கான குடிமக்கள் முன்னணி என்ற கூட்டமைப்பு. போலீஸ் அனுமதிக்கு விண்ணப்பித்ததும் அவர்களே. ஆகவே "தலைமையே இல்லை" என்பது முழு உண்மை அல்ல. தேதியும் பாதையும் அமைப்பு தந்தது; மற்றது தானாக நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கின. 2021 ஆகஸ்டில் அந்த அமைப்பு கலைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்ட் 13 இரவு விமான நிலையத்தில் ஒரு சீனப் பத்திரிகையாளரைப் போராட்டக்காரர்கள் கட்டிவைத்தார்கள். மறுநாளே போராட்டக்காரர்கள் தரப்பிலிருந்து மன்னிப்பு வந்தது. விமான நிலையத்தில் மன்னிப்பு அட்டைகளோடு இளைஞர்கள் நின்றார்கள். யார் சொல்லி? யாரும் சொல்லவில்லை. முடிப்பதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது, திருத்திக்கொள்ள வழி இருந்தது.

---

முடிச்சூர் அக்கா:

போராட்டத்தை விட்டு மீட்புப் பணிக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் வீடுகளின் முதல் மாடி வரை தண்ணீர். மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களை யாரும் பணியமர்த்தவில்லை.

தண்ணீரில் கால் வைக்காமல் நான் செய்த வேலை வேறு. தண்ணீர் இல்லாத ஓர் ஊரில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து, பொதுவாகத் திறந்துவிட்ட ஒரு கூகுள் ஷீட்டில் உதவி கேட்பவர்களின் விவரத்தை ஏற்றினேன். அப்படி எத்தனையோ பேர், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. முதல் இரவு எல்லோரும் சேர்த்துக்கொண்டே போனோம். காலையில்தான் பிரச்சினை புரிந்தது. "கோட்டூர்புரம், எட்டு மாதக் கர்ப்பிணி, உடனே படகு" என்ற ஒரே வரி நான்கு இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணை முந்தின மாலையே மீட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் மட்டும் அவர் இன்னும் மாடியில் நிற்கிறார். அங்கே போகும் படகு, நிஜமாகவே மாடியில் நிற்கும் வேறொருவரிடம் போகாது.

அதன் பிறகு எங்களில் ஒரு பகுதி புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, "கிடைத்துவிட்டதா?" என்று கேட்டு, கிடைத்திருந்தால் வரியைப் பச்சையாக்கி, பக்கத்தில் நேரத்தைப் போடுவதுதான் வேலை. நேரம் இல்லாத பச்சையை யாரும் நம்பக்கூடாது என்பது எங்களுக்குள் எழுந்த விதி. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் பின்பற்றினோம்.

மணற்பரப்புக்கு என் பதில் இது: முடித்து வைப்பது ஒரு பெரிய முடிவு என்று பார்க்காதீர்கள். அது ஒரு வேலை. தினமும், வரிக்கு வரி செய்ய வேண்டிய வேலை. அந்த வேலைக்கு ஆள் ஒதுங்க வேண்டும். கூட்டங்களில் அதற்குத்தான் ஆள் வருவதில்லை. ஆரம்பிப்பதில் இருக்கும் வேகம் அதில் இல்லை.

---

பழவேற்காட்டான்:

அக்கா சொன்னது மனதில் நிற்கிறது. நீங்கள் எல்லோரும் சில நாள், சில மாதம் நடந்தவற்றைச் சொல்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாக நடப்பதை நான் சொல்கிறேன்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறது. இறால் வரும் பாதையில் சுத்து வலை போடத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போட்டால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஆகவே ஊர் கூடிச் சீட்டுப் போடும். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, உன் முறை வந்த பிறகு அது அடுத்தவனுக்கு, நீ சுமாரான இடத்துக்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். மீன்வளத்துறை வந்து சொல்லிக்கொடுத்தது இல்லை இது. பொதுவில் உள்ள வளத்தை அரசும் தனியாரும் இல்லாமலே மக்கள் காத்துக்கொள்ள முடியும் என்று காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். அவர் உலகம் முழுக்கத் தேடிப் பார்த்த மாதிரி ஏற்பாடுகளில் ஒன்றுதான் எங்கள் கரையில் நடப்பதும்.

நிலைப்பதற்குக் காரணம் என்னைக் கேட்டால் மூன்றும் சேர்ந்து இருப்பது. யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியும். மீறியவன் யார் என்று அன்றே தெரிந்துவிடும், ஏனென்றால் அவன் வலைக்குப் பக்கத்தில்தான் என் வலை. நாளைக்கும் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும். மெரினாவில் இந்த மூன்றும் கிடையாது.

தென்கோடி தம்பி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். "யார் வெளியே" என்பதில்தான் இந்த முறையின் கறை. பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்களின் ஆண்களுக்கு. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்த நல்ல இடங்கள் இல்லை. பெண்களுக்குப் பஞ்சாயத்தில் பேச்சே இல்லை. வேலி போட்டதால் நிலைத்தது. அதே வேலியில்தான் அநியாயமும் இருக்கிறது. இதை எப்படிப் பிரிப்பது என்று எங்கள் பக்கம் இன்றும் தகராறு உண்டு.

---

கயல்:

பெண்கள் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மெரினாவில் நான் இருந்தேன். இரவிலும் பயமில்லாமல் உட்கார்ந்தோம், அது உண்மை, அதை எந்த விமர்சனத்துக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் தலைவர் இல்லை என்றால் எல்லோரும் சமம் என்று ஆகிவிடாது. எங்கள் வட்டத்தில் மெகாஃபோன் ஒன்றுதான். அது யார் கையில் இருந்தது? குரல் பெரிதாக உள்ளவர், ஏற்கெனவே நண்பர் கூட்டம் உள்ளவர், பெரும்பாலும் ஆண். "அடுத்து யார் பேசுவது" என்று முடிவு செய்தவர் தலைவர் இல்லாமல் வேறு யார்? பெயர் சூட்டாததால் அவரைக் கேள்வி கேட்கவும் முடியவில்லை.

அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-லேயே தன் சொந்த இயக்கத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்கிறார்: அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, அமைப்பை வெளியே சொல்லாத குழுதான் உண்டு. நட்பு வட்டம் ஆட்சி செய்யும், மற்றவர்களுக்கு விதி என்னவென்றே தெரியாது.

மெகாஃபோன் அரை மணிக்கு ஒருமுறை கை மாறும், அடுத்தது ஒரு பெண்ணுக்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் போதும். அதற்குத் தலைவர் தேவையில்லை.

---

யாழ்ப்பாணத்து வாசகி:

2022-இல் கொழும்புக் காலிமுகத்திடலில் ஜனாதிபதி கோட்டாபயவை விலகச் சொல்லி நடந்த போராட்டத்தைப் பற்றிக் கதைக்காமல் இந்த இழை முழுமை அடையாது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 9-இல் தொடங்கினது. கோட்டா கோ கம (கோட்டா போ என்ற ஊர்) என்று பெயர் வைச்சு ஒரு ஊரையே கட்டினார்கள். சமையல் கூடாரம், நூலகம், முதலுதவி, சட்ட உதவி எல்லாம் இருந்தது. கட்சிக்காரர், மாணவர் ஒன்றியம், பௌத்த பிக்குகள், கத்தோலிக்கச் சகோதரிகள், சும்மா குடும்பத்தோடு வந்த சனம், எல்லாரும் தங்கள் தங்கள் கூடாரத்தில். மே 9 ஆளுங்கட்சி ஆதரவாளர் வந்து கூடாரங்களை அடிச்சு நொறுக்கினார்கள். சனம் ஓடாமல் திரும்பக் கட்டினது. அன்றைக்கே மகிந்த பிரதமர் பதவியை விட்டார்.

வடக்கில் எங்களில் கனபேர் தள்ளி நின்றோம். 2009-இல் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்ற கேள்வி எங்களிடம் இருந்தது, இன்னும் இருக்கு. ஆனால் அந்த மே 18 அன்று அதே காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சி கொடுத்தார்கள், சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். ஒரு மத்திய குழு இருந்து வாக்கெடுத்திருந்தால் அது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். தலைமை இல்லாதபடியால்தான் சிலர் துணிந்து செய்யக்கூடியதாய் இருந்தது, மற்றவர்கள் மறிக்கவில்லை. இதை உங்கள் கணக்கில் நல்ல பக்கத்தில் எழுதுங்கோ.

மற்றப் பக்கமும் உண்டு. ஜூலை 14 கோட்டாபய பதவி விலகினார். அதுக்குப் பிறகு யார்? போராட்டத்தின் சார்பில் போய் மேசையில் இருந்து கதைக்க ஒருவரும் இல்லை. நாடாளுமன்றம் தானே வாக்கெடுத்து 134 வாக்குகளால் ரணிலைத் தெரிவு செய்தது. 22 அதிகாலை இராணுவம் கூடாரங்களுக்குள் வந்தது. ஒரு ஜனாதிபதியை அனுப்பக்கூடிய பலம் இருந்தது, அடுத்தவரைத் தீர்மானிக்கிற வாசலில் எங்களுக்கு ஆளில்லை.

---

தென்கோடி:

எல்லோரும் "பேச ஆளில்லை" என்று வருந்துகிறீர்கள். பேச ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளை முதல் வாரத்தில் கைது செய்வார்கள், இல்லை விலைக்கு வாங்குவார்கள், இல்லை அவர் பெயரில் ஒரு வதந்தி கிளப்புவார்கள். மெரினாவை ஏழு நாள் உடைக்க முடியாமல் போனதே, யாரை அழைத்து மிரட்டுவது என்று அரசுக்குத் தெரியாததால்தான். முடிக்க ஆள் வைத்தால் உடைக்கவும் வழி வைத்ததாகும்.

---

மணற்பரப்பு:

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் ஒரே ஆளைக் கேட்கவில்லை. நடுக்குப்பத்தில் மீன் விற்ற பெண்கள் அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை, எந்த வட்டத்திலும் மெகாஃபோன் பிடிக்கவில்லை. சந்தைக்குப் போலீஸே தீ வைத்தது என்று அவர்கள் சொன்னார்கள், போலீஸ் மறுத்தது, ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். தலைமை இல்லாததால் கூட்டத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது சரி. அந்தப் பாதுகாப்பின் விலையைக் கொடுத்தது பக்கத்துக் குப்பம். அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதுவரை படித்ததில் எனக்குத் தோன்றுவது: ஒவ்வொரு வட்டமும் தினமும் ஒருவரைச் சீட்டுப் போட்டு அனுப்பட்டும். மறுநாள் வேறொருவர். அவருக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டாம். கேட்டு வந்து சொல்லும் பொறுப்பு மட்டும். பழவேற்காட்டு முறையில் இடம் மாறுவதைப் போல இங்கே ஆள் மாறட்டும். தினமும் மாறும் ஆளை வாங்குவது கடினம். 21 மாலை அவசரச் சட்டத்தைப் படித்துப் புரிந்து வந்து தன் வட்டத்துக்குச் சொல்ல ஐம்பது பேர் இருந்திருந்தால், 22 அன்று ஒரு நாள் முழுக்கப் பேச நேரம் கிடைத்திருக்கும்.

---

துறைமுகத் தமிழன்:

இது நடக்கக்கூடியது. ஒரே ஒரு நிபந்தனை: முதல் நாளே தொடங்க வேண்டும். கோபம் ஏறிய பிறகு யார் போய்க் கேட்டு வந்தாலும் துரோகி என்பார்கள். ஹாங்காங்கில் 2014 மேடைக்கு அந்தக் கதிதான்.

---

கயல்:

சீட்டில் பெண்கள் பெயர் தனிக் குடுவையில் இருக்கட்டும். இல்லையென்றால் "வீட்டில் தேடுவார்கள்" என்று சொல்லி முதல் நாளே எங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

---

புதுப்பயனர், வேளச்சேரி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தெருவில் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு குழு சேர்த்திருக்கிறோம். சங்கம் கிடையாது, பதிவு கிடையாது, வாட்ஸ்அப் மட்டும். முடிச்சூர் அக்கா சொன்ன அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது?

---

முடிச்சூர் அக்கா:

ஆறு பத்தி போதும்: வீட்டு எண், போன், எத்தனை பேர், என்ன தேவை, யார் போகிறார், கடைசியாகப் பேசிய நேரம். கடைசிப் பத்தி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மருந்து சாப்பிடும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பெயரை மழைக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். கரன்ட் போனால் ஷீட் திறக்காது, ஆகவே ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள், ஒன்று மேல்மாடி வீடாக இருக்கட்டும். முக்கியமாக, சேர்ப்பதற்கு யார் வேண்டுமானாலும் வரட்டும். போன் போட்டு வரியை முடித்து வைக்க மட்டும் இப்போதே நான்கு பேரைக் கேட்டு வையுங்கள். இரண்டு பேர் உங்கள் பகுதிக்கு வெளியே, தண்ணீர் வராத ஊரில் இருப்பவர்களாக இருந்தால் நல்லது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்கும் அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது.